ஆறு சி-17, இரண்டு நடை, ஒரே நாள்: இந்த அட்டவணை எங்கே உடைகிறது?

#1 நிலவன்_க

வணக்கம் நண்பர்களே. ஒரு பயிற்சிக்காக ராணுவச் சரக்கு விமான அட்டவணை போட வேண்டியிருக்கிறது. விவரம் இதுதான் (இந்த இழையில் டன் என்றால் 2,000 பவுண்டு என்றே வைத்துக்கொள்வோம்).

மொத்தச் சரக்கு 540 டன். அதில் 30 இலகு வண்டிகள், ஒவ்வொன்றும் 16 அடி நீளம், 3.5 டன். மீதி எல்லாம் பேலட் சரக்கு (தட்டில் அடுக்கி வலையால் கட்டியது). கூடவே 300 பேர். தூரம் 1,800 கடல் மைல். இறங்கும் தளத்தில் மூன்று பெரிய விமானங்களை நிறுத்த இடம் இருக்கிறது, லோடர் (பேலட்டை ஏற்றி இறக்கும் வண்டி) ஒன்று, பகலில் 12 மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். கையில் ஆறு சி-17 (அமெரிக்கத் தயாரிப்புப் பெரிய சரக்கு விமானம்).

என் கணக்கு: சி-17 ஒன்றுக்குத் திட்டமிடும் சராசரிப் பளு 45 டன். 540-ஐ 45-ஆல் வகுத்தால் 12 நடை. ஆறு விமானமும் இரண்டு நடை போனால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். 300 பேரையும் பக்கச்சுவர் இருக்கைகளில் பிரித்து உட்காரவைக்கலாம். எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

#2 தளமேடை

நிலவன், கணக்கைப் புறப்படும் இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். இறங்கும் தளத்தில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். எத்தனை விமானம் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்பதை அந்தத் தளம்தான் தீர்மானிக்கும்.

மூன்று விமானம் நிற்கலாம் என்பது வெறும் இடக்கணக்கு. துறையில் ‘மாக்’ என்று சொல்லும் எண்ணுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, எத்தனை விமானம் நிற்கலாம். இன்னொன்று, ஒரே நேரத்தில் எத்தனை விமானத்தில் சரக்கிறக்கி, எரிபொருள் நிரப்பி, திருப்பி அனுப்பலாம். இரண்டாவதுதான் வேலை மாக். லோடர் ஒன்று என்றால் உங்கள் வேலை மாக் 1. மற்ற இரண்டு இடத்திலும் விமானம் நிற்கும், ஆனால் வேலை நடக்காது.

சூத்திரம்: வேலை மாக் × சராசரிப் பளு × திறந்திருக்கும் மணி ÷ தரைநேரம் (ஒரு விமானம் தரையில் நிற்கும் நேரம்) × 0.85.

அமெரிக்க விமானப்படையின் திட்டக் கையேட்டில் சரக்கிறக்கச் சி-17க்கு 2 மணி 15 நிமிடம், சி-130க்கு 1 மணி 30 நிமிடம், சி-5க்கு 3 மணி 15 நிமிடம் தரைநேரம் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் எண்களைப் போட்டால்:

1 × 45 × 12 ÷ 2.25 × 0.85 = 204 டன்.

ஒரு நாளைக்கு நாலரை விமானம்தான் அந்தத் தளம் தாங்கும். 540 டன்னுக்கு 2.65 நாள், அதாவது மூன்று நாள். நீங்கள் ஆறு விமானம் வைத்திருந்தாலும் சரி, அறுபது வைத்திருந்தாலும் சரி.

அந்த 0.85-ஐ யாரும் வெட்டிவிட வேண்டாம். விமானங்கள் கடிகாரம் பார்த்து வந்து நிற்பதில்லை. ஒன்று இருபது நிமிடம் முந்தும், அடுத்தது நாற்பது நிமிடம் பிந்தும். இடைவெளியில் லோடர் சும்மா நிற்கும், பிறகு இரண்டும் சேர்ந்து வரும். அந்த இழப்புக்குத்தான் 15 சதவீதம்.

#3 நிலவன்_க

நன்றி அண்ணா. அப்படியென்றால் இரண்டாவது லோடர் வந்தால் 408 டன் ஆகிவிடுமா? ஒன்றரை நாளில் முடியுமே?

#4 தளமேடை

லோடர் மட்டும் இரண்டானால் போதாது. அதை ஓட்டும் ஆள், பேலட்டை இறக்கியபின் அங்கிருந்து நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட், இறக்கியதை வைக்க இடம், எரிபொருள் வண்டி, எல்லாம் இரண்டு வேலைமுனைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். இதில் எது குறைவோ அதுதான் மாக். பல தளங்களில் லோடர் இரண்டு இருக்கும், எரிபொருள் பவுசர் ஒன்றே ஒன்று இருக்கும். அப்போது எரிபொருள் நிரப்பும் வேலையில் வரிசை நீளும்.

இருந்தாலும் உங்கள் முதல் நடையில் ஏற வேண்டியது இரண்டாவது லோடரும் ஃபோர்க்லிஃப்டும் அவற்றின் ஆட்களும்தான். ஹால்வர்சன் வகை லோடர் 25,000 பவுண்டு, மூன்று பேலட் தாங்கும். டன்னர் வகை 60,000 பவுண்டு, ஆறு பேலட். இரண்டையும் சி-17க்குள் ஏற்றலாம். (இரண்டு பெயருமே பெர்லின் வான்பாலத்தில், அதாவது முற்றுகைக்குள்ளான பெர்லினுக்கு 1948-49இல் விமானத்தில் சரக்கு அனுப்பிய பணியில், இருந்தவர்களின் நினைவாக வைத்தவை. பொருத்தமான பெயர்கள்.) ஆக உங்கள் நடைக்கணக்கில் தளம் திறக்க ஒன்று கூடுகிறது. ‘முக்கியமான சரக்கு முதலில்’ என்று யாராவது அந்த இடத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அந்த முதல் நடை பின்னால் வரும் எல்லா நடைக்கும் கதவு.

லோடரே இல்லாத இடத்தில் பேலட்டை இறக்க வழி உண்டு: பின்சாய்தளத்தைத் தாழ்த்தி, பூட்டுகளை விடுவித்து, விமானத்தை முன்னே நகர்த்தினால் பேலட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் சறுக்கி இறங்கும். வேகமான வழி. ஆனால் பேலட்டுகள் டாக்ஸிவேயிலேயே கிடக்கும். அவற்றை அள்ள ஃபோர்க்லிஃப்ட் இல்லையென்றால் அடுத்த விமானத்துக்கு வழி அடைபட்டுவிடும்.

#5 கடிகாரம்24

‘ஒரு விமானம் ஒரு நாளில் இரண்டு நடை’ என்பதையும் உடைத்துப் பார்த்துவிடுவோம்.

1,800 கடல் மைலுக்குப் புறப்பாட்டிலிருந்து இறக்கம் வரை சராசரி 400 நாட் (மணிக்கு 400 கடல் மைல்) வைத்தால் 4 மணி 30 நிமிடம். சுற்று: ஏற்ற 2:15, போக 4:30, இறக்க 2:15, திரும்ப 4:30. மொத்தம் 13:30. தளம் 0600 முதல் 1800 வரை திறந்திருக்கிறது என்று வையுங்கள். 0600-க்கு இறங்கிய முதல் விமானம் 0815-க்குக் கிளம்பி 1245-க்கு வீடு வரும். மறுபடி ஏற்றி 1500-க்குக் கிளம்பினால் அங்கே சேர்வது 1930. தளம் மூடி ஒன்றரை மணி ஆகியிருக்கும். ஆக ஒரு விமானம், ஒரு நாள், ஒரு நடை. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து விமானக்குழு. சி-17இல் சாதாரணக் குழுவுக்குப் பணிநேர உச்சம் 16 மணி, கூடுதல் விமானி சேர்த்தால் 24 மணி, பணிக்குப் பின் குறைந்தது 12 மணி ஓய்வு. புறப்பாட்டுக்கு மூன்று மணி முன் வந்து சேர்கிறார்கள் என்றால் 3:00 + 4:30 + 2:15 + 4:30 = 14:15. மிச்சம் 1:45. இறங்கும் தளத்தில் இரண்டு மணி தாமதம் ஆனால் போதும், அந்தக் குழு திரும்பிப் பறக்க முடியாது. அங்கேயே தூங்க வேண்டும், விமானமும் அங்கேயே நிற்கும். மூன்று இடத்தில் ஒன்று போயிற்று. அடுத்த விமானமும் தாமதம், அதன் குழுவுக்கும் நேரம் தீர்ந்துபோகும். ஒரு பழுதான லோடர் இப்படித்தான் மாலைக்குள் மொத்த அட்டவணையையும் கவிழ்த்துவிடும்.

குழு எண்ணிக்கையில் இன்னொரு கண்ணி. முதல் விமானம் 0130-க்குக் கிளம்புகிறது. குழு முந்தின இரவு 2230-க்கு வருகிறது, 1245-க்கு முடிக்கிறது. 12 மணி ஓய்வு முடிய நள்ளிரவு தாண்டி 0045. ஆனால் மறுநாள் நடைக்கு அதே 2230-க்கு வர வேண்டும். இடையில் 9:45தான் இருக்கிறது. அதே குழுவை அதே நேரத்தில் தினமும் அனுப்ப முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரு நடை பின்தள்ளிச் சுழற்றலாம்தான். அதில் மிஞ்சும் இடைவெளி சில நிமிடங்கள் மட்டுமே. தளமேடை சொன்ன நாலரையை நாளுக்கு ஐந்து நடையாக வைத்தால், அதற்கு இரண்டு அணியாகப் பத்துக் குழு கேளுங்கள்.

#6 சுமைக்கணக்கு

45 டன் என்ற எண்ணையே கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். விமானம் எடையால் நிரம்புவதற்கு முன் இடத்தால் நிரம்பும். அநேகமாக எல்லாச் சுமைத்திட்டத்திலும் இதுதான் கதை.

சி-17இன் தரை 68 அடி, அதற்குப்பின் 20 அடி சாய்தளம், அகலம் 18 அடி. உங்கள் 16 அடி வண்டிகளை இரண்டு வரிசையாக, வரிசைக்கு நாலு, சாய்தளத்தில் இரண்டு. மொத்தம் பத்து வண்டி, 35 டன். எடையில் இன்னும் 10 டன் பாக்கி, வைக்க இடமில்லை. 30 வண்டிக்கு மூன்று நடை.

மீதி 435 டன் பேலட். சி-17இல் 18 பேலட் நிற்கும், அதில் நாலு சாய்தளத்தில். பேலட் ஒன்று சராசரி 4,500 பவுண்டு என்றால் 18-க்கு 81,000 பவுண்டு, 40.5 டன். 435-ஐ 40.5-ஆல் வகுத்தால் 10.74, அதாவது 11 நடை. மூன்றும் பதினொன்றும் பதினாலு. தளம் திறக்கும் நடையோடு பதினைந்து. உங்கள் பன்னிரண்டு காகிதத்தோடு சரி.

ஒரு கேள்வி: 540 டன்னில் பேலட், வலை எடை சேர்ந்திருக்கிறதா? ராணுவத்தின் வழக்கமான 463எல் வகைப் பேலட் காலியாக 290 பவுண்டு. மேல்வலை ஒன்று, பக்கவலை இரண்டு, மூன்றும் சேர்ந்து 65 பவுண்டு. ஆக 355. 11 நடைக்கு 18 வீதம் 198 பேலட் வரும். 70,290 பவுண்டு. 35 டன்! சேர்க்க மறந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு முழு விமானம்.

#7 நிலவன்_க

சேர்த்துத்தான் சார். நல்லவேளை. ஒரு யோசனை: ஒவ்வொரு வண்டியின் பின்பக்கத்திலும் 1,000 பவுண்டு பெட்டி வைத்தால் 15 டன் பேலட்டிலிருந்து குறையுமே?

#8 சுமைக்கணக்கு

குறையும். ஆனால் 420-ஐ 40.5-ஆல் வகுத்தால் 10.37. மறுபடியும் 11 நடைதான். ஒரு நடையும் மிச்சமாகவில்லை, வேலை மட்டும் கூடுகிறது. என்ன வேலை என்று பாருங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் எடைச்சமநிலைப் புள்ளி கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் குறிக்க வேண்டும். முன் அச்சில் 3,000, பின் அச்சில் 4,000 பவுண்டு. முன்முனையிலிருந்து முன் அச்சு 30 அங்குலம், பின் அச்சு 150 அங்குலம். (3,000 × 30 + 4,000 × 150) ÷ 7,000 = 98.6 அங்குலம். பின்னால் 180 அங்குலத்தில் 1,000 பவுண்டு பெட்டி வைத்தால் அது 108.75 ஆகிவிடும். பத்து அங்குலம் பின்னே போகிறது. பத்து வண்டியிலும் இப்படி என்றால் விமானத்தின் சமநிலையே நகரும். எடைபோட்டுக் குறித்தபிறகு யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் தண்ணீர்க் கேன், ஸ்பேர் டயர், கூடாரம் என்று பின்னால் ஏற்றிவிடுவதுதான் கூட்டுச் சோதனையில் (ஏற்றுவதற்கு முன் அனுப்புபவரும் விமானத் தரப்பும் சேர்ந்து பார்ப்பது) வண்டி நிராகரிக்கப்பட முதல் காரணம். ஏற்றினால் மறுபடி எடைபோடு, மறுபடி குறி. வேறு வழியில்லை.

இதைவிட நல்ல வழி பேலட்டில் இருக்கிறது. 10 நடையில் 180 பேலட். 435 டன்னை 180-ஆல் வகுத்தால் 4,833 பவுண்டு. பேலட்டுக்கு வெறும் 333 பவுண்டு கூட்டிக் கட்டினால் ஒரு விமானமே மிச்சம். பேலட் 10,000 பவுண்டு வரை தாங்கும், உயரம் 96 அங்குலம் வரை போகலாம். வெளியளவு 88 × 108 என்றாலும் பயன்படும் அளவு 84 × 104தான். ஓரத்தில் விடும் அந்த இரண்டு அங்குலம் வலைக்கொக்கிக்கும் விமானத்துப் பூட்டுக்கும். கனமானது அடியிலும் நடுவிலும், இலேசானது மேலே.

பேலட்டை வெறுந்தரையில் வைத்துக் கட்டாதீர்கள். அடியில் 4 × 4 அங்குல மரக்கட்டை மூன்று, 88 அங்குல நீளம். கட்டையில்லாமலோ இரண்டு கட்டையிலோ வைத்தால் நடுப்பகுதி வளையும். வளைந்த பேலட் உருளைகளில் ஓடாது, பூட்டில் விழாது. விமானம் வந்து நிற்கும்போதுதான் அது தெரியும். அதுவும் தரைநேரத்தில்தான் போகும்.

#9 புதுவரவு

வண்டிக்கு எத்தனை சங்கிலி என்று எப்படிக் கணக்கிடுவது? கண்ணளவில் நாலா?

#10 சங்கிலிப்பூட்டு

கண்ணளவு கூடவே கூடாதுங்க. கட்டு தாங்க வேண்டிய அளவு திசைக்குத் திசை வேறு: முன்னோக்கி எடையின் 3 மடங்கு, பின்னோக்கி 1.5, பக்கவாட்டில் 1.5, மேல்நோக்கி 2.

10,000 பவுண்டு சங்கிலியைத் தரையோடு 30 பாகை, விமானத்தின் நீளவாட்டோடு 30 பாகை சாய்வில் கட்டினால் முழு 10,000-மும் கிடைக்காது. நீளவாட்டில் 7,500, மேல்நோக்கி 5,000, பக்கவாட்டில் 4,330.

உங்க 7,000 பவுண்டு வண்டி: முன்னோக்கி 21,000 வேணும். மூணு சங்கிலியில் 22,500 வரும், ஆனா ஜோடியாகத்தான் கட்டணும், அதனால நாலு. பின்னோக்கி 10,500, ரெண்டு போதும். பக்கவாட்டில் 10,500. ஒரு பக்கத்துக்கு மூணு சங்கிலி, 12,990. சரி. மேல்நோக்கி 14,000-க்கு ஆறு சங்கிலியில் 30,000. தாராளம். ஆக ஆறு.

இப்ப 10,000 பவுண்டு வண்டி எடுங்க. முன்னோக்கி 30,000-க்கு நாலு, பின்னோக்கி 15,000-க்கு ரெண்டு. சரியா வந்துடுச்சுன்னு தோணும். பக்கவாட்டில் பாருங்க: 15,000 வேணும், பக்கத்துக்கு மூணில் 12,990தான். பத்தாது. எட்டாக்கணும். முன்பின் கணக்கு மட்டும் போட்டு நிறுத்துறவங்க தவறவிடுற இடம் இது.

சாய்வையும் கவனிங்க. இடம் நெருக்கடின்னு தரையோடு 60 பாகை செங்குத்தா இழுத்துக் கட்டினா ஒரு சங்கிலிக்கு நீளவாட்டில் கிடைப்பது 4,330தான். நாலுக்கு 17,320. அதே நாலு சங்கிலி, அதே 7,000 பவுண்டு வண்டி, 21,000-க்குப் பத்தவே பத்தாது. பார்க்கிறவருக்கு இறுக்கமாத்தான் தெரியும்.

ஒரே திசைக்குச் சங்கிலியையும் நைலான் பட்டையையும் கலக்காதீங்க. பட்டை நீளும், சங்கிலி நீளாது. முழு அதிர்ச்சியும் சங்கிலிமேல விழும். 10,000 சங்கிலியை 5,000 வளையத்தில் மாட்டினா அதோட வலு 5,000தான்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமிலிருந்து கிளம்பிய 747 சரக்கு விமானம் இதுக்கு மறக்கக்கூடாத சாட்சி. உள்ளே ஐந்து கவச வண்டிகள், 12 டன்னும் 18 டன்னுமா. பட்டைகளால் கட்டியிருந்தது போதவில்லை. கிளம்பியவுடன் பின்னால் இருந்த வண்டி அவிழ்ந்து பின்னே போய், ஹைட்ராலிக் அமைப்பையும் வால்தளத்தை இயக்கும் திருகையும் உடைச்சது. ஏழு பேரும் போயிட்டாங்க. விசாரணை சொன்னது, எடை நகர்ந்ததைவிட அது உடைச்ச பாகங்களாலதான் விமானம் கட்டுப்பாட்டை மீறியதுன்னு. சாய்வுக் கணக்கை யாரும் ‘ஏட்டுக்கணக்கு’ன்னு ஒதுக்கக்கூடாது.

#11 வான்வழி

எரிபொருள் பற்றி யாரும் பேசவில்லையே. என் கருத்து தளமேடையிலிருந்து கொஞ்சம் மாறுகிறது: இறங்கும் தளத்தில் எரிபொருள் நிரப்பவே வேண்டாம். போகவரத் தேவையானதை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். நிரப்பும் வேலை இல்லையென்றால் விரைவுத் தரைநேரம் 1 மணி 45 நிமிடம். 12 ÷ 1.75 × 0.85 = 5.8 விமானம். நாலரைக்குப் பதில் ஆறுக்குப் பக்கம், அதே ஒரு லோடரில்.

#12 தளமேடை

கணக்கு சரி. ஆனால் எடை இடிக்குமே? சி-17இன் புறப்பாட்டு உச்ச எடை 585,000 பவுண்டு, காலி எடை 282,500. எரிபொருளுக்கும் சுமைக்கும் சேர்த்து மிச்சம் 302,500. மணிக்கு 20,000 பவுண்டு எரிப்பு வைத்தால் ஒன்பது மணிக்கு 180,000. சேமிப்பு 25,000. மீதி 97,500 பவுண்டு. பேலட்டைக் கனமாகக் கட்டச் சொன்னார் சுமைக்கணக்கு, அதில் 18 பேலட் 87,000. அதோடு ஆட்கள், மூட்டைகள். நூலிழையில் நிற்கிறது. சூடான பிற்பகலிலோ உயரமான தளத்திலோ அந்த 585,000-மே கிடைக்காது.

இறங்கும்போதும் பாருங்கள். திரும்பும் எரிபொருளையும் முழுச்சுமையையும் சேர்த்துக் குறுகிய ஓடுபாதையில் இறங்க வேண்டும். 3,500 அடி போதும் என்று விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அன்றைய எடை, வெப்பம், ஈரம் எல்லாம் வைத்துத்தான் நீளம் வரும். தளத்தின் ஓடுபாதைத் தரை வலிமைக் குறியீடும் அந்த எடைக்கு இடம்தர வேண்டும். (2024 நவம்பரிலிருந்து அந்தக் குறியீட்டு முறையே மாறிவிட்டது. பழைய அட்டவணையையும் புதியதையும் கலந்து ஒப்பிடாதீர்கள்.)

#13 வான்வழி

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வண்டி போகும் மூன்று நடைக்கு மட்டும் போகவர எரிபொருள். அவற்றில் 35 டன்தான், 70,000 பவுண்டு. எடையில் நல்ல இடைவெளி. வண்டிகள் ஓட்டி இறங்குவதால் லோடரும் தேவையில்லை. அந்த மூன்றும் லோடர் வேலைமுனையைத் தொடாமலே இரண்டாம் இடத்தில் நின்று போய்விடும்.

#14 தளமேடை

இது நல்ல யோசனை. வண்டிநடைகளைப் பேலட் நடைகளுக்கு நடுவே செருகுங்கள். சாய்தளத்தில் நிற்கும் வண்டிகளில் எரிபொருள் அரைத்தொட்டி, மற்றவற்றில் முக்கால்தொட்டிக்கு மேல் கூடாது என்பதையும் வண்டிகளை அனுப்பும் படைப்பிரிவுக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். விமானத்தடியில் நின்று டீசல் உறிஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது.

#15 பயணிமேடை

ஆட்களைப் பற்றி. சி-17இல் பக்கச்சுவரில் 54 இருக்கை, நடுவரிசை போட்டால் 48 கூடும், மொத்தம் 102. ஆனால் 54-ஐ அப்படியே எண்ணாதீர்கள். வண்டியோ இரட்டை வரிசைப் பேலட்டோ எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று பார்த்து, எத்தனை இருக்கையைத் திறக்கலாம் என்று லோட்மாஸ்டர்தான் (விமானக்குழுவில் சுமைக்குப் பொறுப்பானவர்) சொல்ல வேண்டும். முழங்காலுக்கு இடம், அவசர வழிக்குப் பாதை, இரண்டும் வேண்டும்.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலிலிருந்து ஒரு சி-17 823 பேரை ஏற்றிச் சென்றதை உதாரணம் காட்டி ‘300 பேர் என்ன பெரிய விஷயம்’ என்று யாராவது கேட்கலாம். அது உயிர்காக்கும் வெளியேற்றம், ஆட்கள் சரக்குத்தரையில் உட்கார்ந்து போனார்கள். அட்டவணைக்கு அது அளவுகோல் ஆகாது.

15 நடையில் 300 பேர், நடைக்கு 20. மூன்று விமானத்தை ஆட்களுக்கே ஒதுக்குவதைவிட இது மேல். ஓட்டுநர்கள் அவரவர் வண்டியோடு போகட்டும். இல்லையென்றால் பத்து வண்டி அங்கே போய்ச்சேரும், ஓட்ட ஆள் மறுநாள் வருவார். தொடர்புப் பிரிவினர் அத்தனை பேரையும், அல்லது மருத்துவக் குழு முழுவதையும் ஒரே விமானத்தில் ஏற்றாதீர்கள். ஒரு விமானம் பழுதானால் அந்தத் திறமையே அன்று இல்லாமல் போகும்.

ஆளை உண்மையான எடையில் நிறுத்துப் பட்டியலில் எழுதுங்கள், கவச உடை, ஆயுதம், கைப்பை எல்லாவற்றோடும். மூட்டை தனி: ஆளுக்கு 70 பவுண்டு மூட்டை இரண்டு என்றால் 20 பேருக்கு 2,800 பவுண்டு. பேலட்டில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா? மிக அதிகமாக விட்டுப்போகும் வரி இதுதான்.

வெடிபொருள் போகும் விமானத்தில் ஆட்களை ஏற்றலாமா என்பது பொருளின் ஆபத்து வகுப்பைப் பொறுத்தது. பட்டியல் வந்தவுடன் அதைத் தனியே பிரியுங்கள். லித்தியம் பேட்டரி, அடுப்பு எரிவாயு, பெயின்ட் எல்லாம் ஆபத்துச் சரக்குதான். அறிவிப்புப் படிவம் இல்லாத ஒரே ஒரு பெட்டி மொத்தப் பேலட்டையும் நிறுத்திவிடும்.

#16 தளமேடை

சேர்த்துச் சொல்கிறேன்: வெடிபொருள் விமானம் நிற்கும் இடத்துக்கு, உள்ளே இருக்கும் நிகர வெடிமருந்து எடையைப் பொறுத்துப் பாதுகாப்புத் தூரம் விட வேண்டும். தனி மேடை இல்லாத தளத்தில் பக்கத்து இடங்களைக் காலிசெய்யச் சொல்வார்கள். அந்த இரண்டேகால் மணி நேரத்துக்கு உங்கள் மூன்று இடம் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்ட நடைகளை நாளின் கடைசியில் தனியாக வையுங்கள்.

#17 எல்லைக்கோடு

காகித வேலையை விமானம் உறுதியான பிறகு தொடங்குவது இன்னொரு நோய். வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டிடமும் ராஜதந்திர அனுமதி வேண்டும். ராணுவ விமானத்துக்குச் சாதாரணப் பறப்புரிமை இல்லை. முன்னறிவிப்புக் காலம் நாட்டுக்கு நாடு மாறும், வெடிபொருள் இருந்தால் நீளும். விண்ணப்பத்தில் எழுதிய சரக்கு மாறினால் பழைய அனுமதி செல்லாது போகலாம். அதனால் வெடிபொருளை எந்த நடையில் ஏற்றுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்து பூட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது.

தளத்தின் முன்னனுமதி எண்ணும் இறங்கும் நேரச் சாளரமும் தனி. அனுமதிக்கு ஒரு நேரம், தளத்துக்கு ஒரு நேரம், குழுவுக்கு ஒரு நேரம் என்று உள்ளூர் நேரத்தில் எழுதினால் நள்ளிரவைத் தாண்டும் நடைகளில் தேதியே மாறிப்போகும். எல்லாவற்றையும் உலக நேரத்தில், தேதியோடு எழுதுங்கள்.

#18 கடிகாரம்24

இப்போது இடைவெளி. பெர்லின் வான்பாலத்தில் 1948 ஆகஸ்ட் 13 அன்று மோசமான வானிலையில் விமானங்கள் வானில் அடுக்கடுக்காகக் காத்துக்கிடந்தன, தரையில் விபத்துகள். தளபதி டன்னர் அதன்பின் கொண்டுவந்த விதி எளிது: முதல் முயற்சியில் இறங்க முடியாவிட்டால் சுற்றிக் காத்திருக்காதே, சுமையோடு புறப்பட்ட தளத்துக்கே திரும்பு. ஒரு விமானத்தின் நடை வீணாகும், ஆனால் பின்னால் வரும் வரிசை உடையாது. 1949 ஏப்ரல் 16 மதியத்தோடு முடிந்த 24 மணி நேரத்தில் 1,398 விமானங்கள் 12,941 டன் நிலக்கரியை இறக்கியது இந்தச் சீரால்தான்.

நிலவன், ஐந்து நடைக்கு: கடைசி விமானம் 1800-க்குள் கிளம்ப வேண்டுமென்றால் 1545-க்குள் இறங்க வேண்டும். 0600, 0825, 1050, 1315, 1540. வீட்டிலிருந்து புறப்பாடு 0130, 0355, 0620, 0845, 1110.

#19 வான்வழி

இடைவெளி 2:25, தரைநேரம் 2:15. பத்து நிமிட மூச்சுதான். இரண்டாவது லோடர் வராமல் இந்த அட்டவணையை நான் கையெழுத்திட மாட்டேன்.

#20 நிலவன்_க

எல்லோர் கருத்தையும் சேர்த்துத் திருத்தியது இது:

மூன்று நாள், நாளுக்கு ஐந்து நடை. ஐந்து விமானம் ஓடும், ஆறாவது வீட்டில் தயார்நிலை மாற்று. குழு பத்து. முதல் நாள் முதல் நடை: லோடர், ஃபோர்க்லிஃப்ட், தளம் திறக்கும் அணி, எரிபொருள் ஆட்கள். வண்டிநடை மூன்றும் நாளுக்கு ஒன்றாக, அன்றைய மூன்றாவது நடையாக, போகவர எரிபொருளோடு. பேலட் நடை பதினொன்று. வெடிபொருள் மூன்றாம் நாள் கடைசி நடை. ஆட்கள் நடைக்கு இருபது. கூட்டுச் சோதனை புறப்பாட்டுக்கு ஆறு மணி முன். பேலட்டைக் கனமாகக் கட்டிப் பத்தில் முடிந்தால் மிச்சமாகும் நடையை நிரப்பாமல் காலியாகவே வைத்துக்கொள்கிறேன், முந்தின நாட்களில் விட்டுப்போனதுக்கு.

#21 சுமைக்கணக்கு

நன்றாக வந்திருக்கிறது. அந்தக் காலி நடையை யாரும் கடைசி நாளில் பறித்துவிடாமல் பட்டியலிலேயே ‘விடுபட்ட சரக்கு’ என்று பெயர் போட்டு வையுங்கள்.

வெடிபொருளைக் கடைசி நடையில் வைத்ததில் ஒரு சிக்கல்: அது 1540-க்கு இறங்குகிறது. தாமதமானால் இரவு அந்த மேடையிலேயே நிற்கும், தூரவிதியோடு. அன்று மட்டும் அதை நான்காவதாக்கி, காலி நடையைக் கடைசியில் போடுங்கள்.

#22 சங்கிலிப்பூட்டு

திரும்புற விமானம் காலின்னு எழுதியிருக்கீங்களா? 198 பேலட், 594 வலை, முப்பது வண்டிக்கும் ஆறு வீதம் 180 சங்கிலி, அதே அளவு பூட்டுக்கருவி. இதெல்லாம் அங்கேயே தங்கிட்டா மூணாம் நாள் பேலட் கட்ட வீட்டில் எதுவும் இருக்காது. சங்கிலி விமானத்தோடதுன்னா அவிழ்த்தவுடனே எண்ணி உள்ளே போடச் சொல்லுங்க. பேலட்டும் வலையும் ரெண்டாம் நாள் முதல் திரும்பும் நடையிலேயே, எண்ணிக்கையோட, எடையோட சுமைப்பட்டியலில் வரணும். அதை ஏத்த ஆகிற அரைமணியையும் தரைநேரத்தில் சேருங்க. உங்க பத்து நிமிட மூச்சு அதுல போயிடும். அதனாலதான் ரெண்டாவது லோடர் முதல் நடையிலயே போகணும்னு நானும் சொல்றேன்.